ஆமிஷ் மக்களின் ஊர்க்கட்டுப்பாடும் நம் கையிலிருக்கும் செல்போனும்

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் நடுவே ஆமிஷ் மக்களுக்கு ஒரு தனி மரியாதை வந்து பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். அதற்கு முன்னால் அவர்கள் ஒரு கேலிச்சித்திரம்தான். குதிரை வண்டி, தாடி, கறுப்புத் தொப்பி, கரண்ட் இல்லாத வீடு. இப்போது கதை தலைகீழ். "ஆமிஷ்காரர்கள் தொழில்நுட்பத்தை வெறுப்பவர்கள் இல்லை. ஒவ்வொரு கருவியையும் நிறுத்தி, நிதானமாக யோசித்து, நம் வாழ்க்கைக்கு இது நல்லதா என்று கேட்டு, பிறகுதான் அனுமதிக்கிறார்கள். நாம்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிப் போடுகிறோம்." செல்போன் அடிமைத்தனம் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு அத்தியாயத்தில் இந்தப் பத்தி வந்துவிடுகிறது.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. விட்டுப்போன பாதி இல்லாமல் இருக்கிற பாதி வேலை செய்யாது என்பதுதான் என் வாதம். அதை நான்கு பேர் எழுதியதை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கதை எங்கிருந்து வந்தது

ஆராய்ச்சி வட்டாரத்தில் இதற்கு அடித்தளம் போட்டவர் டொனால்ட் க்ரேபில். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டி ஆமிஷ் மக்களைப் பற்றிய அவருடைய 'தி ரிடில் ஆஃப் ஆமிஷ் கல்ச்சர்' 1989-ல் வந்தது, 2001-ல் திருத்திய பதிப்பு. கார் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் வாடகைக்குக் கார் பிடிக்கலாம். டிராக்டரைக் களஞ்சியத்துப் பக்கத்தில் நிறுத்தி இன்ஜின் மாதிரி ஓட்டலாம், வயலுக்குள் இறக்கக் கூடாது. மின்வாரியக் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கக் கூடாது, பேட்டரி வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்குத்தனம். உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டியவர் க்ரேபில்.

அதை நம் மாதிரி ஆட்களிடம் கொண்டுவந்தவர் ஹோவர்ட் ரைன்கோல்ட். 1999 ஜனவரி 'வயர்ட்' இதழில் ஆமிஷ் மக்களும் தொலைபேசியும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிறகு அதே 'வயர்ட்' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெவின் கெல்லி, 2010-ல் வந்த 'வாட் டெக்னாலஜி வாண்ட்ஸ்' புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கி 'ஹேக்கர்கள்' என்று பெயரும் வைத்தார். டீசல் இன்ஜினால் கம்ப்ரசரை ஓட்டி, அழுத்திய காற்றைக் குழாயில் அனுப்பி, மிக்ஸி முதல் மரம் இழைக்கும் மெஷின் வரை காற்றாலேயே ஓட்டுகிறார்கள் என்று அதில் படித்தால் எந்த இன்ஜினியருக்கும் வாயில் எச்சில் ஊறும். கடைசியாக, கால் நியூபோர்ட் 2019-ல் 'டிஜிட்டல் மினிமலிசம்' எழுதி, இதிலிருந்து ஒரு தனிமனிதக் கொள்கையை எடுத்தார்: கவனமாகத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வே திருப்தி தரும்.

க்ரேபிலிடம் ஒரு சமூகத்தைப் பற்றிய ஆய்வாக இருந்தது, நியூபோர்ட்டிடம் வரும்போது ஒருவர் தன் போனை எப்படிக் கையாள்வது என்ற குறிப்பாகிவிட்டது. இந்த இருபது முப்பது வருடப் பயணத்தில் என்ன உதிர்ந்தது என்று தெரிய, இரண்டு சம்பவங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தொலைபேசி: கருவியைப் பற்றி மட்டும் எடுத்த முடிவா?

லங்காஸ்டரில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆமிஷ் வீடுகளில் தொலைபேசி இருந்தது. 1910 வாக்கில் தடை வந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: ஒரே லைனைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட காலம் அது, யார் பேசுவதையும் யாரும் ஒட்டுக்கேட்கலாம், புறணி பெருகியது. இன்னொன்று, ஒருவரையொருவர் நேரில் போய்ப் பார்ப்பது குறைந்துவிடும். பிறகு 1930-களில், அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டுமே என்று சில குடும்பங்கள் கேட்க, பல வீட்டுக்குப் பொதுவாக, வீட்டுக்கு வெளியே, தோட்டத்து ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் போன் வைக்க இடம் கிடைத்தது. இன்றும் அந்தக் கொட்டகைகள் இருக்கின்றன. நடந்து போய்த்தான் பேச வேண்டும். அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. போன் மனிதனைக் கூப்பிட முடியாது, மனிதன்தான் போனிடம் போக வேண்டும். அழகான வடிவமைப்பு, சந்தேகமே இல்லை.

ஆனால் டயான் சிம்மர்மேன் அம்பிள் 1996-ல் எழுதிய 'ஹோல்டிங் தி லைன்' படித்தால் இன்னொரு கதை தெரிகிறது. அந்த 1910-ஐ ஒட்டித்தான் லங்காஸ்டர் சபை இரண்டாக உடைந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் வெளியேறினார்கள். சண்டையின் மையம், சபையை விட்டு விலகியவர்களை எவ்வளவு கடுமையாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது. தொலைபேசி அதோடு ஒட்டிக்கொண்டது. வெளியேறியவர்கள் போனை வைத்துக்கொண்டார்கள், பின்னால் கரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பிறகு மிச்சம் இருந்தவர்களுக்கு, வீட்டில் போன் வைப்பது என்றால் 'அந்தக் கட்சிக்காரன்' ஆவது என்று அர்த்தமாகிவிட்டது. சில வருடம் கழித்து மின்கம்பியையும் விலக்கியபோது இந்தக் கணக்கும் பின்னால் இருந்தது.

இதைப் படித்தபின் "கருவியை எடைபோட்டார்கள்" என்ற வாக்கியம் அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. எடை போட்டார்கள், உண்மைதான். தராசின் ஒரு தட்டில் குடும்பம், உறவு, புறணி எல்லாம் இருந்தது. அதே தட்டில் பிரிந்துபோன பங்காளிமேல் இருந்த கோபமும் இருந்தது. எந்தச் சமூகத்திலும் தடைகள் இப்படித்தான் பிறக்கும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ரைன்கோல்ட் மாதிரியானவர்கள் எழுதும்போது இந்தக் கோபம் வடிகட்டப்பட்டு, ஞானம் மட்டும் கிண்ணத்தில் விழுகிறது என்பதுதான் என் குறை.

பால் தொட்டி: பேரம் எப்படி நடக்கிறது

இரண்டாவது சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. க்ரேபில் இதை விவரமாகச் சொல்கிறார்.

1960-களின் கடைசியில் லங்காஸ்டர் பால் கம்பெனிகள், இனிமேல் கேனில் பால் எடுக்க மாட்டோம், எல்லாரும் குளிரூட்டும் தொட்டி வைக்க வேண்டும் என்றன. நம் ஊர் பால் சொசைட்டியில் 'பல்க் கூலர்' என்பார்களே, அதேதான். ஆமிஷ் பால் விவசாயிகளுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. தொட்டி வேண்டுமென்றால் குளிரூட்டக் கரண்ட் வேண்டும். பாலைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு மோட்டார் வேண்டும். கம்பெனி லாரி ஞாயிற்றுக்கிழமையும் வரும், ஞாயிறு வியாபாரம் கூடாது. ஒரே தொட்டியில் மூன்று தடைகள்!

பிஷப்புகளும் கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். முடிவு இப்படி: தொட்டி வைக்கலாம். குளிரூட்டியை டீசல் இன்ஜின் ஓட்டும். கலக்கும் மோட்டாரை 12 வோல்ட் பேட்டரி ஓட்டும், அந்த பேட்டரியை அதே டீசல் இன்ஜின் சார்ஜ் செய்யும். ஞாயிற்றுக்கிழமை லாரி வரக் கூடாது, கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஒத்துக்கொண்டது, ஏனென்றால் அவ்வளவு ஆமிஷ் பாலை இழக்க அதற்கும் மனசில்லை.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எந்த இடத்திலும் "இது நம் விழுமியங்களுக்குப் பொருந்துமா" என்ற கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவர்கள் டிக் அடிக்கவில்லை. பழைய தடைகள் இருக்கின்றன, புது நெருக்கடி வருகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடிக்கிறார்கள். பழைய கோடை அழிக்காமல் வளைக்கிறார்கள். பெரிய பழைய சாஃப்ட்வேர் சிஸ்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இரண்டாவது, அவர்களுக்குப் பேரம் பேசும் வலு இருந்தது. ஒரே ஒரு விவசாயி போய் "ஞாயிற்றுக்கிழமை லாரி அனுப்பாதீங்க" என்றிருந்தால் கம்பெனி சிரித்திருக்கும். நூற்றுக்கணக்கான பண்ணைகள் ஒரே குரலில் சொன்னதால் கேட்டது.

மூன்றாவது, முடிவுகளுக்கு வால் உண்டு. பாலுக்காக உள்ளே வந்த டீசல் இன்ஜின் பாலோடு நிற்கவில்லை. இன்ஜின் அங்கே சும்மா நிற்கும்போது கம்ப்ரசரை மாட்டலாம், ஹைட்ராலிக் பம்பை மாட்டலாம். பின்னாளில் நிலத்தின் விலை ஏறி, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் பண்ணை இல்லாமல் போனபோது, மரச்சாமான் பட்டறைகளும் இரும்புப் பட்டறைகளும் எழும்பியது இந்தக் காற்று சக்தியின் தோள்மேல்தான். கெல்லி ரசிக்கிற 'ஹேக்கிங்' பெருமளவு இப்படி வந்தது. எதிர்காலத்தைத் திட்டமிட்டு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

அதனால் 'ஆமிஷ் மக்கள் ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள்' என்று யாராவது படம் போட்டு அம்புக்குறி வரைந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கெல்லி சொல்லும் முறை ஒன்று உண்டு: ஆர்வமுள்ள ஒருவர் பிஷப்பிடம் அனுமதி கேட்கிறார், சோதித்துப் பார்க்கிறார், சபை அவரைக் கவனிக்கிறது, சரிப்படாவிட்டால் விட்டுவிட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் நடைமுறையில் அனுமதி கேட்பவர்களோடு கேட்காமலே ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். பிஷப் பார்க்காத மாதிரி இருக்கிறார். பத்துப் பேர் ஆனபின் தடுக்க முடிவதில்லை, அல்லது அப்போதுதான் தடுக்க வேண்டியிருக்கிறது. லிண்ட்சே எம்ஸ் 2022-ல் எழுதிய 'வர்ச்சுவலி ஆமிஷ்' படித்தால் இன்டர்நெட் காலத்திலும் இந்த இழுபறி இப்படியே தொடர்வது தெரியும்.

ஒரே 'ஆமிஷ் முடிவு' என்றும் ஒன்று கிடையாது. லங்காஸ்டரில் சைக்கிள் கூடாது, கால்மிதி ஸ்கூட்டர்தான். ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் சைக்கிள் சகஜம், இப்போது பேட்டரி சைக்கிளும் ஓடுகிறது. ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவினர் வண்டிக்குப் பின்னால் ஆரஞ்சு முக்கோணம் ஒட்டக்கூட மறுத்து, மின்னசோட்டாவில் கோர்ட் வரை போனார்கள். ஞானம் ஒன்றென்றால் விடை இத்தனை விதமாக இருக்காது. இது வரலாறு, அக்கம்பக்கம், ஆட்களின் குணம் எல்லாம் கலந்த விடை.

'ஓர்ட்னுங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆமிஷ் சபையின் எழுதாத விதித்தொகுப்புக்கு ஓர்ட்னுங் என்று பெயர். ஜெர்மன் சொல், ஒழுங்கு என்று பொருள். இங்கிலீஷ் புத்தகங்களில் படிக்கும்போது ஏதோ தியான வகுப்பு ஒழுக்கம் மாதிரி சாத்வீகமாக ஒலிக்கிறது. தமிழில் இதற்குச் சரியான சொல் என்ன என்று யோசித்தேன். ஊர்க்கட்டுப்பாடு. இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அந்தச் சொல்லைப் போட்டவுடன் நமக்கு முதுகில் ஏதோ ஊர்கிறது இல்லையா? ஊர்க்கட்டுப்பாடு என்றால் நமக்குத் தெரியும். அதில் கோயில் திருவிழாவும் உண்டு, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதும் உண்டு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்.

ஆமிஷ் ஏற்பாட்டை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

இருபது முதல் நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரு சபை வட்டாரம். ஒரு பிஷப், இரண்டு போதகர், ஒரு டீக்கன். இவர்கள் படித்துப் பட்டம் வாங்கி வருபவர்கள் இல்லை. சபையார், ஆண் பெண் இருபாலரும், பெயர்களை முன்மொழிகிறார்கள். போதிய ஓட்டு வாங்கியவர்கள் முன்னால் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கப்படும், அதில் ஒன்றுக்குள் துண்டுச் சீட்டு. சீட்டு யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவர் ஆயுள் முழுக்க, சம்பளம் இல்லாமல், போதகர். திருவுளச்சீட்டுதான். பதவிக்கு அலைபவன் வர முடியாத இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அந்தச் சீட்டு ஒரு பெண்ணுக்கு விழ வாய்ப்பே இல்லை.

வருடத்துக்கு இரண்டு முறை திருவிருந்து. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சபைக்கூட்டம். அதில் கட்டுப்பாடுகள் சொல்லப்படும், ஒவ்வொருவரும் ஒப்புதல் சொல்ல வேண்டும். மனவேற்றுமை தீரவில்லை என்றால் திருவிருந்து தள்ளிப்போகும். புதுக் கருவி பற்றிய சிக்கலும் இங்கேதான் வரும். எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. ஊரே தலையாட்டும்போது, உங்களால்தான் திருவிருந்து நிற்கிறது என்ற நிலையில், எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்?

மாட்டேன் என்று நிற்பவருக்கு என்ன? ஞானஸ்நானம் வாங்கியபின் கட்டுப்பாட்டை மீறி, மன்னிப்புக் கேட்க மறுத்தால் விலக்கம். அதன் பிறகு ஒதுக்கி வைத்தல்: ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, அவர் கையால் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு கடுமை என்பது சபைக்குச் சபை மாறும். 1693-ல் யாக்கோப் அம்மான் தலைமையில் இவர்கள் தனிக்குழுவாகப் பிரிந்ததற்கே ஒதுக்கி வைத்தல் ஒரு முக்கியக் காரணம். பெயரிலேயே அது இருக்கிறது என்று சொல்லலாம். தொலைபேசிக் கொட்டகையைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்த மேசை பெரும்பாலும் வருவதில்லை.

"அவர்கள் வயது வந்தபின் தாங்களாக விரும்பித்தானே ஞானஸ்நானம் வாங்குகிறார்கள்?" என்று கேட்கலாம். உண்மை. 85 சதவீதம் போல உள்ளேயே தங்குகிறார்கள். 1900-ல் ஐந்தாறாயிரமாக இருந்தவர்கள் இன்று நாலு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். வாழ்க்கையில் நிறைவில்லாமல் இவ்வளவு பேர் தங்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தேர்வைச் செய்பவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1972-ல் 'விஸ்கான்சின் எதிர் யோடர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு, பெற்றோரின் மத உரிமை சரி, அந்தப் பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், கெல்லியும் தன் அத்தியாயத்தில் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறார்: இந்த வாழ்க்கை பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழிகளைக் குறுக்குகிறது என்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் காற்றில் ஓடும் மிக்ஸியை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது. பட்டறையும் தொழுவமும் சம்பாதிக்கும் இடம், அங்கே கோடு தாராளமாக வளைந்தது. வீடு பாரம்பரியத்தின் இடம், அங்கே கோடு அவ்வளவு வளையவில்லை. காற்றில் ஓடும் பெரிய மெஷின்கள் பட்டறையில். அடுத்த கட்டிடத்தில் துணியை உருளையில் விட்டுப் பிழிந்து கொடியில் காயப்போட வேண்டும், அதுவும் ஆறேழு பிள்ளைகள் உள்ள வீட்டில். கேஸ் அடுப்பும் கேஸ் பிரிட்ஜும் பல சபைகளில் உண்டு, மறுக்கவில்லை. கேரன் ஜான்சன்-வைனர் 2020-ல் ஆமிஷ் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், இந்தப் பெண்களைப் பாவப்பட்டவர்களாக மட்டும் பார்க்கக் கூடாது, பலர் கடை நடத்துகிறார்கள், சபைக்குச் சபை நிலைமை வேறு என்று கவனமாக எழுதுகிறார். அதை ஏற்கிறேன். 'சமூகம் தேர்ந்தெடுத்தது' என்று எழுதும்போது, சமூகத்தில் யார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெளியே நிற்கும் உலகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் கார் தடை இப்படி நீடிக்காது. டீசலை யாரோ சுத்திகரிக்க வேண்டும், சோலார் பேனலை யாரோ செய்ய வேண்டும். வட இந்தியானாவில் ஏராளமான ஆமிஷ் ஆண்கள் கேரவன் வண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள், கம்பெனியின் கரண்ட் கருவிகளோடு. சொந்தமாக வைத்திருப்பது வேறு, பயன்படுத்துவது வேறு.

சிலர் இதைப் பாசாங்கு என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. லங்காஸ்டர் கவுண்டியில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில், 1989-ல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர், ஆமிஷ், மெனோனைட் பிள்ளைகளின் மரபணு நோய்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். களஞ்சியம் கட்டுவது போல ஊரே சேர்ந்து மரச்சட்டம் நிறுத்தி எழுப்பிய கட்டிடம். உள்ளே நடந்தது மரபணுப் பரிசோதனை. செலவுக்கு ஏலம் நடத்திப் பணம் சேர்க்கிறார்கள். எந்தக் கருவி குடும்பத்தைப் பிரிக்கும், எது பிள்ளையைக் காப்பாற்றும் என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வெளியுலகைச் சார்ந்திருப்பதையும் அவர்கள் மறைப்பதில்லை. அவர்களைத் தனித்தீவாக வரைவது அவர்களைப் பற்றி எழுதும் நாம்.

சரி, நமக்கு என்ன?

நியூபோர்ட்டுக்கு இந்தச் சிக்கல் தெரியும். ஆமிஷ் சபையில் அதிகாரம் இருக்கிறது, தனிமனிதச் சுதந்திரம் குறைவு, அப்படியானால் திருப்தி தேர்விலிருந்து வருகிறதா கட்டாயத்திலிருந்து வருகிறதா என்று அவரே கேட்கிறார். பதிலுக்கு, ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று தானாக முடிவெடுத்த ஒரு தாராளவாத மெனோனைட் பெண்ணைக் காட்டி, பார்த்தீர்களா, சபைக் கட்டாயம் இல்லாமலும் இது வேலை செய்கிறது என்கிறார்.

ஒரு ஆளை வைத்து இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்க முடியாது என்பது என் முதல் ஆட்சேபம். இரண்டாவது முக்கியமானது. ஆமிஷ் தடைகள் நிலைப்பதற்குக் காரணம் ஒவ்வொருவரின் மனவலிமை இல்லை. பக்கத்து வீட்டிலும் போன் இல்லை, அதனால் நீங்கள் போன் இல்லாமல் இருப்பது ஒரு இழப்பாகவே தெரிவதில்லை. உங்கள் வாடிக்கையாளர், உங்கள் மாமனார், உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் எல்லோரும் அதே கோட்டுக்குள் இருக்கிறார்கள். தனியாக ஒருவர் வாட்ஸ்அப்பை விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் அறிவிப்பு வராது, அப்பார்ட்மென்ட் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது, சொந்தக்காரர் இறந்த செய்தி மறுநாள் தெரியவரும். கருவி ஒருவருடையது, வலைப்பின்னல் எல்லோருடையது. வலைப்பின்னலைப் பற்றிய முடிவைத் தனிமனிதன் தலையில் வைத்துவிட்டு, முடியாதபோது "உனக்கு வைராக்கியம் போதாது" என்று சொல்வது அநியாயம். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு திங்கட்கிழமை காலை புதிதாக ஒரு சாட் கருவி வந்தது. யாரையும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் போடாதவன் சோம்பேறி என்றாகிவிட்டது. அங்கே எங்களில் ஒருவர் 'டிஜிட்டல் மினிமலிஸ்ட்' ஆகியிருந்தால் அடுத்த அப்ரைசலில் தெரிந்திருக்கும்.

ஆமிஷ் மக்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் பார்த்த இடம் வேறு. 2017-ல் டெக்சாஸில் ஆஸ்டின் நகரில் பெற்றோர்கள் 'வெயிட் அன்டில் எயித்' என்று ஒரு உறுதிமொழி இயக்கம் ஆரம்பித்தார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் தர மாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இதில் முக்கியம் ஒரு சின்ன விதி: அதே பள்ளியில், அதே வகுப்பில் பத்துக் குடும்பம் சேர்ந்தால்தான் உறுதிமொழி அமலுக்கு வரும். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்ட மட்டும் இல்ல" என்ற வாக்கியத்தின் பலத்தைக் குறைப்பதுதான் திட்டம். லங்காஸ்டர் விவசாயிகள் பால் கம்பெனியிடம் கூட்டாகப் பேசினார்களே, அதன் சின்ன வடிவம் இது. ஞானஸ்நானம் வேண்டாம், சீட்டுக் குலுக்கல் வேண்டாம். வாக்கை மீறினால் யாரும் உங்களைத் தனிமேசையில் உட்கார வைக்கப்போவதில்லை.

இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மீறினால் ஒன்றும் ஆகாது என்றால், பத்துக் குடும்பம் எத்தனை மாதத்தில் ஐந்தாகும்? கட்டுப்பாடு கடுமையாக இருக்கும் ஆமிஷ் பிரிவுகளில் பிள்ளைகள் அதிகம் தங்குகிறார்கள் என்பது ஹோம்ஸ் கவுண்டியில் கண்ட போக்கு. மேசையை எடுத்துவிட்டு, கொட்டகையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முழுதாக முடியாது என்றே நினைக்கிறேன். ஊர்க்கட்டுப்பாட்டின் மறுபக்கத்தைப் பார்த்து வளர்ந்த நம்மால், ஒதுக்கி வைக்கும் மேசையை ஒரு விலையாகக்கூட ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. அதனால் நமக்குக் கிடைப்பது பலவீனமான, அடிக்கடி உடைந்து மறுபடி ஒட்ட வேண்டிய கூட்டு முடிவுகள்தான். ஒரு வகுப்பு, ஒரு டீம், ஒரு அப்பார்ட்மென்ட். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் மெசேஜ் கூடாது என்று பன்னிரண்டு பேர் டீம் சேர்ந்து முடிவெடுத்து, நாலு மாதம் ஓடி, தளர்ந்து, மறுபடி பேசி வைத்தால் அதுவே பெரிய விஷயம். அதில் மறுப்பவரின் பேச்சையும் கேட்டு, அவரைப் பகையாக்காமல் வைத்திருந்தால் இன்னும் பெரிது.

இந்தத் தலைப்பில் ஒரே ஒரு புத்தகம் படிக்க நேரம் இருந்தால் க்ரேபிலைப் படியுங்கள், 2001 பதிப்பு. பால் தொட்டிப் பகுதியை நிதானமாக. கெல்லியின் அத்தியாயத்தை அதற்குப் பிறகு படித்தால் அவர் ரசிப்பதும் புரியும், தயங்குவதும் புரியும். நியூபோர்ட்டைப் படிப்பதென்றால் தனியாகப் படிக்காதீர்கள், உங்களோடு ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.